பிசின் ஒழுகும் மரமும் ஆறாத புண்ணும்

பண்டாரவளைப் பக்கமோ நுவரெலியாப் பக்கமோ ரிப் போன ஆக்களுக்கு பைனஸ் காடு தெரிந்திருக்கும். வரிசையாக நட்ட மரங்கள், கீழே காய்ந்த ஊசியிலைப் படுக்கை, படம் எடுக்க நல்ல இடம். சில இடங்களில் மரத்தின் பட்டையைச் சீவி, கீழே ஒரு பை கட்டியிருப்பார்கள். அதுக்குள்ள மங்கலான மஞ்சள் நிறத்தில் பிசின் இறங்கிக்கொண்டிருக்கும். எங்களில் ஒருவர் ஆசைப்பட்டு அதைத் தொட்டுப்போட்டு, வீடு வந்து சேரும்வரை விரல்கள் ஒட்டினபடியே இருந்து, கடைசியில் தேங்காயெண்ணெய் பூசித் தேய்த்துக் கழற்றின கதை எங்கட குழுவுக்குள்ள பிரசித்தம். சோப்புக்கும் தண்ணிக்கும் அது அசையவே இல்லை.

அந்தப் பிசினைக் காய்ச்சி வடித்தால் ஆவியாகி வருவது டர்பன்டைன், பெயின்ற் கரைக்கிறது. அடியில் மிஞ்சுவது ரொசின், வயலின் வில்லுக்குப் பூசுகிற கட்டி. எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான். இதே பிசினை ஒரு காலத்தில் மனுசர் காயத்துக்குள் வைத்துக் கட்டினார்கள் என்று வாசித்தபோது முதலில் நம்பேல்லை. பிறகு தேடத் தேட, அது நாட்டுவைத்தியத்தின் ஓரத்தில் கிடந்த சங்கதி இல்லை, போர்க்களச் சத்திரசிகிச்சை வரலாற்றின் நடுவிலேயே கிடந்தது என்று தெரிந்தது. மலைநாட்டுப் பைனஸ் கரிபியன் பக்கத்திலிருந்து கொண்டுவந்து நட்ட மரம். கதை நடப்பது ஊசியிலை மரங்கள் தாமாகவே வளரும் குளிர் நாடுகளில். ஆனபடியால் இனி அங்கே போவோம்.

முதலில், மரம் ஏன் பிசின் விடுகிறது? பைன், ஸ்பிரூஸ், லார்ச் போன்ற மரங்களின் பட்டைக்கும் தண்டுக்கும் உள்ளே பிசின் ஓடும் நுண்ணிய குழாய்கள் இருக்கின்றன. வண்டு துளைத்தாலோ, கொப்பு முறிந்தாலோ, கோடாலி பட்டாலோ அந்த இடத்துக்குப் பிசின் பாயும். துளைத்த வண்டு சில நேரம் அதிலேயே மூழ்கிச் செத்துப்போகும். பிறகு பிசினிலுள்ள இலேசான பகுதி காற்றில் பறந்துவிட, பாரமான பகுதி இறுகி வாயை அடைத்துவிடும். அந்த இறுகும் பகுதியில் பெரும்பங்கு பிசின் அமிலங்கள். அபியற்றிக் அமிலம் அதில் ஒன்று. மரத்துக்கு வைத்தியர் இல்லை, கட்டுப்போட ஆள் இல்லை. வண்டோடு சேர்ந்து பூஞ்சணமும் பற்றீரியாவும் உள்ளே வரும். இவ்வளவையும் பிசின் ஒன்றை வைத்தே சமாளிக்கவேண்டும். மரத்தின் புண்ணுக்கு மரமே போடும் மருந்து என்று பழைய ஆக்கள் நினைத்ததில் ஆச்சரியம் இல்லை.

கதையை எகிப்திலிருந்தும் தொடங்கலாம். சக்காராவில் பிரேதங்களைப் பதப்படுத்திய ஒரு பட்டறையின் பானைகளை ஆராய்ந்து 2023இல் வெளியிட்ட முடிவுகளில், சீடர், ஜூனிப்பர் போன்ற ஊசியிலை மரங்களின் எண்ணெய்களும் தார்களும் பானைகளின் உட்பக்கத்தில் இன்னும் ஒட்டியிருந்தது தெரியவந்தது. சில பானைகளில் எதை உடம்பின் எந்தப் பகுதிக்குப் பூசவேண்டும் என்றுகூட எழுதியிருந்தது. பிசின் அழுகலைத் தடுக்கும் என்பது அவர்களுக்குத் தெரியும். ஆனால் செத்த உடம்பு நோகுது என்று சொல்லாது, காய்ச்சல் வராது, பிழைக்கவும் வேண்டியதில்லை. உயிருள்ளவனின் காயம் வேற கணக்கு. அதனால் எங்கட கதை 1537ஆம் ஆண்டளவில், வட இத்தாலியில் தொடங்குது.

பிரான்ஸ் அரசன் முதலாம் பிரான்சுவாவுக்கும் பேரரசன் ஐந்தாம் சார்ள்சுக்கும் போர். பிரெஞ்சுப் படை ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி தூரின் நகரை நோக்கிப் போகிறது. அதோடு போனவர் அம்புரோஸ் பரே. வயது இருபத்தைந்து தாண்டியிருக்கும். அந்தக் காலத்தில் மருத்துவர் என்றால் இலத்தீன் படித்தவர், கையில் இரத்தம் படாதவர். வெட்டுறது, கட்டுறது, பல் பிடுங்குறது, மயிர் மழிக்கிறது எல்லாம் பாபர்-சத்திரசிகிச்சையாளரின் வேலை. பரே அந்த ரகம். இலத்தீன் தெரியாது. பரிசிலுள்ள பெரிய ஆஸ்பத்திரியான ஓட்டல்-டியூவில் வேலை பழகியவர். போர்க்களம் அவருக்கு இதுதான் முதல் தடவை.

துப்பாக்கி அப்போது ஓரளவு புதுச் சாமான். துப்பாக்கிக் காயம் ஏன் இவ்வளவு மோசமாகச் சீழ் பிடிக்கிறது என்பதற்கு, போப்பாண்டவரின் சத்திரசிகிச்சையாளராக இருந்த ஜியொவானி த வீகோ ஒரு விளக்கம் சொல்லியிருந்தார்: வெடிமருந்து நஞ்சு, ஆகவே காயத்தைக் கொதிக்கிற எண்ணெயால் சுடவேண்டும். எல்டர் என்ற செடியின் எண்ணெயைக் கொதிக்கவைத்து, திறந்த காயத்துக்குள் ஊற்றுவது. மயக்க மருந்து கிடையாது. புத்தகத்தில் அப்படி இருந்ததால் எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள், பரேயும் செய்தார்.

ஒருநாள் காயக்காரர் அதிகம், எண்ணெய் முடிந்துபோச்சு. மிச்சப் பேருக்கு பரே கையில் இருந்ததைக் குழைத்தார்: முட்டை மஞ்சட்கரு, ரோசா எண்ணெய், டர்பன்டைன். அதைப் பூசிக் கட்டினார். இரவு முழுக்க நித்திரை வரவில்லை என்று பின்னர் எழுதியிருக்கிறார். சுடாமல் விட்டவர்கள் விடிய நஞ்சேறிச் செத்துக் கிடப்பார்கள் என்று பயம். வேளைக்கே எழும்பிப் போய்ப் பார்த்தால், பூச்சு போட்டவர்களுக்கு நோ குறைவு, காயத்தைச் சுற்றி வீக்கம் இல்லை, இரவு நன்றாகத் தூங்கியும் இருக்கிறார்கள். கொதியெண்ணெய் ஊற்றியவர்களோ காய்ச்சலும் வீக்கமுமாய்த் துடித்துக்கொண்டு கிடக்கிறார்கள். இனி எந்தக் காயக்காரனையும் இப்படிச் சுடமாட்டேன் என்று அன்றைக்கு முடிவெடுத்தார். 1545இல் இதைப் புத்தகமாகப் போட்டபோது பிரெஞ்சிலேயே எழுதினார். வேறு மொழி அவருக்குத் தெரியாது. அதனாலேயே மற்ற பாபர்-சத்திரசிகிச்சையாளர்களால் அதை வாசிக்க முடிந்தது.

இந்த டர்பன்டைன் இன்றைக்குப் பெயின்ற் கடையில் போத்தலில் விற்கிற தண்ணி மாதிரியான சாமான் இல்லை. அப்போது அந்தப் பெயர் குறித்தது மரத்திலிருந்து வடியும் தடித்த பிசினையே. பழைய காலத்தில் மத்தியதரைக்கடல் பக்கத்துத் தெரெபின்த் மரத்திலிருந்து வந்தது. பிறகு ஆல்ப்ஸ் மலையின் லார்ச் மரத்துப் பிசின், வெனிஸ் நகர வியாபாரிகளின் கையால் வந்ததால் 'வெனிஸ் டர்பன்டைன்' என்று பேரெடுத்தது.

தூரினில் பரே இன்னொரு சத்திரசிகிச்சையாளரைக் கேள்விப்படுகிறார். துப்பாக்கிக் காயத்துக்கு அந்த ஆளிடம் ஒரு இரகசியத் தைலம் இருந்தது. பரே அவருக்குப் பின்னால் இரண்டு வருசம் அலைகிறார், பரிசு கொடுக்கிறார். கடைசியில் அந்த ஆள் வாயைத் திறக்கிறார். அப்போது பிறந்த நாய்க்குட்டிகளை லில்லிப்பூ எண்ணெயில் எலும்பு கழரும்வரை கொதிக்கவைத்து, அதோடு வெனிஸ் டர்பன்டைனில் பதப்படுத்திய மண்புழு. இதுதான் அந்த இரகசியம்! பரே சந்தோசத்தோடு அதை எழுதிவைத்தார். எங்களுக்கு வாசிக்கேக்க சிரிப்பும் வந்தது, வயிற்றையும் பிரட்டினது. ஆனால் கவனியுங்கோ: இரண்டு மருந்திலும் ஒரு சாமான் பொது. மஞ்சட்கருவோ நாய்க்குட்டியோ மாறுது, பிசின் மாறேல்லை.

அப்போ பிசின்தான் காயத்தை ஆற்றியது என்று முடிவு கட்டலாமா? இணையத்தில் இந்தக் கதையைப் பகிர்கிறவர்கள் அப்படித்தான் கட்டுகிறார்கள். நாங்கள் ஒத்துக்கொள்ளமாட்டோம். அந்தக் காலைப்பொழுதில் பரே பார்த்தது பிசின் உள்ள காயத்துக்கும் பிசின் இல்லாத காயத்துக்கும் இடையிலான வித்தியாசத்தை இல்லை. கொதியெண்ணெயால் சுட்ட காயத்துக்கும் சுடாத காயத்துக்கும் இடையிலான வித்தியாசத்தை. ஒன்றுமே பூசாமல் சுத்தத் துணியால் கட்டியிருந்தாலும் அந்த ஆக்கள் விடிய நல்லா இருந்திருக்கக்கூடும். சுடுவது கூடாது என்பதற்கு அது நல்ல சாட்சி. பிசின் நல்லது என்பதற்கு அதில் சாட்சி ஒன்றும் இல்லை.

இதில் எங்களை உறுத்துவது, சரியான ஒப்பீடு எப்படிச் செய்வது என்று பரேக்குத் தெரிந்திருந்தது. அதே தூரின் பயணத்தில், அவருடைய தளபதி மொந்தெஜானின் குசினிப் பெடியன் ஒருவன் கொதியெண்ணெய்க் கிடாரத்துக்குள் விழுந்துவிட்டான். மருந்து வாங்கப் போன இடத்தில் ஒரு கிழவி, நாட்டுப்புறத்தவள், பச்சை வெங்காயத்தை உப்போடு இடிச்சுப் போடு, கொப்புளம் வராது என்கிறாள். பரே அந்த மனுசியின் பேச்சைத் தட்டவில்லை. போட்டார். மறுநாள் வெங்காயம் பட்ட இடத்தில் கொப்புளம் இல்லை, படாத இடத்தில் இருந்தது. அதோடு விட்டாரா? கொஞ்ச நாளில் ஒரு ஜேர்மன் காவற்காரனின் வெடிமருந்துக் குடுவை தீப்பற்றி முகமும் கையும் எரிந்தபோது, முகத்தின் ஒரு பக்கத்துக்கு வெங்காயமும் மற்றப் பக்கத்துக்கு வழமையான மருந்தும் போட்டுப் பார்த்தார். ஒரே முகம், ஒரே தீ, ஒரே நாள். இன்றைய ஆராய்ச்சிக்காரர் கேட்டால் கைகொடுப்பார். வெங்காயத்துக்குக் கிடைத்த இந்த மரியாதை பிசினுக்குக் கிடைக்கவில்லை. அது ஏற்கெனவே எல்லா மருந்துக்கடையிலும் இருந்தது, எல்லோரும் நம்பினார்கள். நம்புகிற சாமானை ஆர் சோதிக்கிறது?

நம்பிக்கை எந்த அளவுக்குப் போகும் என்பதற்கு அயர்லாந்தின் கதை ஒன்று. ஜோர்ஜ் பேர்க்லி, மெய்யியல் படித்தவர்களுக்குத் தெரிந்த பேர், குளோயின் என்ற ஊரின் ஆயர். அவர் முன்பு அமெரிக்கக் குடியேற்றத்தில் சில வருசம் இருந்தவர். அங்கே ஆக்கள் அம்மை வராமல் இருக்க பைன் தாரைத் தண்ணியில் கலக்கிக் குடிப்பார்களாம். இந்தத் தார் எங்கட ரோட்டுத் தார் இல்லை. பைன் மரக்கட்டையைக் காற்றுப் படாமல் மெதுவாக எரித்தால் வடியும் கறுத்த எண்ணெய், பிசினின் சொந்தக்காரன். 1740ஐ ஒட்டிய பஞ்சத்திலும் நோயிலும் சனம் கொத்துக் கொத்தாகச் சாகும்போது, வைத்தியர் இல்லாத ஊரில் ஆயர் இந்தத் தண்ணியை ஏழைகளுக்குக் கொடுத்தார். 1744இல் 'சிரிஸ்' என்று ஒரு புத்தகம் எழுதினார். தார்த்தண்ணியில் தொடங்கி, பிளேட்டோ வழியாகப் போய், கடவுளில் முடிகிற விசித்திரமான புத்தகம். அவர் உயிரோடிருந்தபோது அவருடைய எந்த மெய்யியல் நூலையும்விட அதுதான் நன்றாக விற்றது. அம்மை, ஸ்கர்வி, புண், ஆஸ்த்மா, அசீரணம், எல்லாத்துக்கும் ஒரே தண்ணி. வைத்தியர்கள் நக்கலடித்தார்கள், சனம் குடித்தது. நூறு வருசத்துக்குப் பிறகும் டிக்கின்ஸின் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலில் சின்னப் பெடியன் பிப்பின் தொண்டைக்குள் அக்கா தார்த்தண்ணியை ஊற்றுகிறாள்.

பேர்க்லியைத் திட்ட எங்களுக்கு மனம் வரேல்லை. பசித்த ஊருக்கு மலிவான மருந்து தேடின மனுசன். ஆனால் எல்லாத்துக்கும் மருந்து என்று சொன்னதால், ஏதாவது ஒன்றுக்கு அது உண்மையில் உதவினதா என்று பார்க்கும் வழி அடைபட்டுப்போனது. பிறகு 1865இல் லிஸ்டர் நிலக்கரித் தாரிலிருந்து எடுத்த கார்போலிக் அமிலத்தைக் காயத்துக்குப் பாவிக்கத் தொடங்கினார், 1940களில் பெனிசிலின் வந்தது. பிசின் மருந்துப் பெட்டியிலிருந்து பெயின்ற் கடைக்குப் போய்ச் சேர்ந்தது.

எல்லா இடத்திலும் போகவில்லை. பின்லாந்து பைனும் ஸ்பிரூசும் நிறைந்த நாடு. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் ஐரோப்பாவின் கப்பல்களுக்குப் பூசிய தாரில் பெரும்பங்கு அங்கேயிருந்து வந்தது. சாய்வான நிலத்தில் குழி வெட்டி, பைன் விறகை அடுக்கி, மண்ணால் மூடி, நாட்கணக்கில் எரியவிடுவார்கள். பீப்பாக்களை நீண்ட ஒடுங்கிய வள்ளங்களில் ஏற்றி, ஆற்றுச் சுழிகளைத் தாண்டி ஊலு துறைமுகத்துக்குக் கொண்டுபோவார்கள். (டச்சுக்காரரும் தங்கட கப்பல்களுக்கு பால்டிக் கரையிலிருந்துதான் தார் வாங்கினார்கள். 1658இல் யாழ்ப்பாணத்தைப் பிடித்த ஆக்களின் கப்பல்கள் எந்தக் காட்டு மரத்தின் மணத்தோடு வந்து நின்றன என்று யோசித்துப் பாருங்கோ.) சாராயம், தார், சவுனா மூன்றாலும் மாறாத வருத்தம் சாவில்தான் முடியும் என்று அங்கே ஒரு பழமொழி இருக்குது.

வடக்கே லப்லாந்தில் வீட்டு மருந்து ஸ்பிரூஸ் பிசின். மரத்தில் கட்டியாகத் தொங்கும் பிசினைச் சுரண்டி எடுத்து, வெண்ணெயோடோ மிருகக் கொழுப்போடோ சேர்த்துக் காய்ச்சி, வடித்து, களிம்பாக்குவார்கள். வெட்டுக்காயம், சூட்டுக்காயம், ஆறாத புண் எதுக்கும் அது. அன்ரிபயோட்டிக் வந்த பிறகும் அந்தப் பழக்கம் விட்டுப்போகவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தெரியாமல் வீட்டில் நடந்தது. வைத்தியர் கண்டால் இதென்ன ஊத்தை என்று துடைத்துவிடுவார் என்று ஆக்கள் நினைப்பது எங்களுக்கும் விளங்காத விசயம் இல்லை.

இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் ஆர்னோ சிப்போனன் என்ற வைத்தியரும் கூட இருந்த ஆராய்ச்சியாளர்களும் அதைத் துடைத்துவிடாமல் ஆய்வுகூடத்துக்குக் கொண்டுபோனார்கள். 2007இல் வெளிவந்த முடிவு: அந்த வீட்டுக் களிம்பு கிராம் நேர் பற்றீரியாக்களின் வளர்ச்சியைத் தடுக்குது. அதுக்குள் பல அன்ரிபயோட்டிக்குகளுக்கு அடங்காத எம்.ஆர்.எஸ்.ஏ.யும் அடக்கம். கிராம் எதிர் வகைகளில் ஒன்றைத் தவிர மற்றதெல்லாம் அசையவில்லை. உயர்தர உயிரியல் படிக்கிற ஆக்களுக்குக் காரணம் ஊகிக்கலாம்: கிராம் எதிர் பற்றீரியாவுக்கு வெளியே இன்னொரு மென்சவ்வு உண்டு, பிசின் அமிலம் அதைத் தாண்டக் கஷ்டப்படும். பின்னர் இலத்திரன் நுணுக்குக்காட்டியில் பார்த்தபோது, பிசின் பட்ட ஸ்ரபிலோகொக்கஸ் கலங்களின் சுவர் தடித்து, கலங்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டிருந்தன. மென்சவ்வின் மின்னழுத்தமும் குலைந்திருந்தது. எல்லாத்தையும் கொல்லாது என்று தெரிந்ததும்தான் எங்களுக்கு இதில் நம்பிக்கை வந்தது. ஆயரின் தண்ணிக்கு அப்படி ஒரு எல்லை இருந்ததே இல்லை.

பிறகு, பரே செய்யாமல் விட்டது. 2005க்கும் 2007க்கும் இடையில், பின்லாந்தின் 11 ஆஸ்பத்திரிகளில், படுக்கைப் புண் உள்ள 37 நோயாளிகள். சீட்டுக் குலுக்குவதுபோல இரண்டாகப் பிரித்து, ஒரு பகுதிக்குப் பிசின் களிம்பு, மறு பகுதிக்கு அப்போது வழமையிலிருந்த நவீன காயக்கட்டு. ஆறு மாதம். கடைசிவரை கணக்கில் நின்றவர்களில், பிசின் போட்ட 13 பேரில் 12 பேருக்குப் புண் முழுதாக ஆறியது. மற்றப் பக்கம் 9 பேரில் 4 பேருக்கு. 2008இல் வெளியானது. கொதியெண்ணெயோடு ஒப்பிடாமல், தன் காலத்தின் நல்ல வைத்தியத்தோடு பிசினை நேருக்கு நேர் நிறுத்த, தூரினிலிருந்து கிட்டத்தட்ட 470 வருசம் எடுத்திருக்கு.

ஆனாலும் இந்த எண்களோடு துள்ளிக் குதிக்க வேண்டாம். 37 பேரில் தொடங்கி 22 பேரில் முடிந்த சின்ன ஆய்வு. படுக்கைப் புண் உள்ளவர்கள் ஏற்கெனவே கடும் நோயாளிகள், முதியவர்கள், இடையில் விழுந்துபோனவர் பலர். மஞ்சள் நிறமும் பிசின் மணமும் உள்ள மருந்தை எது எது என்று தெரியாமல் மறைத்துக் கொடுக்கிறதும் கஷ்டம். ஆய்வாளர்களில் சிலர் அந்தக் களிம்பைத் தயாரிக்கும் கம்பனியோடும் சம்பந்தப்பட்டவர்கள். இதால் முடிவு பொய்யாகிவிடாது. வேறு ஆக்கள், வேறு நாட்டில், பெரிய அளவில் செய்து பார்க்கவேண்டும் என்றுதான் அர்த்தம். ரொசின் சிலரின் தோலுக்கு ஒத்துக்கொள்ளாது, அலேர்ஜி வரும் என்பதும் நீண்ட நாளாகத் தெரிந்த விசயம். பண்டாரவளைப் பையில் இருக்கிற பிசின் வேறொரு மரத்தினுடையது. அதை எடுத்துவந்து வீட்டில் காய்ச்சிப் புண்ணில் பூசவேண்டாம் என்பதைத் தடித்த எழுத்தில் வாசியுங்கோ.

நாங்கள் படுக்கைப் புண் என்ற சொல்லில் நின்றுபோனதற்கு வேறு காரணம் இருக்குது. போரில் முள்ளந்தண்டில் காயப்பட்டு, இடுப்புக்குக் கீழே உணர்வில்லாமல் வாழ்கிறவர்கள் வடக்கிலும் கிழக்கிலும் எங்கட வீடுகளுக்குள்ளேயே இருக்கிறார்கள். ஷெல் துண்டு நின்ற இடம் ஆறி வருசக்கணக்காகிவிட்டது, ஆனால் இருந்த இருப்பில் வருகிற புண் ஆறவில்லை. உணர்வு இல்லாததால் புண் தொடங்குவதே தெரியாது. தெரியும்போது ஆழமாகியிருக்கும், கிருமி தொற்றினால் உயிருக்கே ஆபத்து. பரேயின் காயக்காரருக்கு ஒரு இரவோடு முடிவு தெரிந்தது. இவர்களுக்கு அது வருசக்கணக்கு.

கட்டுரையின் முதல் வரைவை எங்களுக்குள் வாசித்தபோது, 2009இலிருந்து சக்கர நாற்காலியில் இருக்கும் மாமா உள்ள ஒருத்தி கேட்டாள், இந்தக் களிம்பு இங்கே எடுக்கலாமா எண்டு. முதலில் கிளினிக்கில் காட்டிக் கேள் என்றோம். கேட்டிருக்கிறாள். மாமாவின் புண்ணைப் பார்த்த தாதி களிம்பைப் பற்றிக் கதைக்கவே இல்லையாம். இரவில் எத்தனை மணித்தியாலத்துக்கு ஒருக்கா ஆளைத் திருப்பிப் படுக்கவைக்கிறீர்கள் என்றுதான் கேட்டாராம். மாமி விடியும்வரை நித்திரை, பகலில் வேலைக்குப் போறவ. இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கா திருப்பவேணும் என்றாராம். இப்போது மாமியும் அவளும் முறை வைத்து அலாரம் அடிக்கவிட்டு எழும்புகினம்.